ஸ்டாண்டர்ட் ஹெரால்டு முதல் ஸ்டாண்டர்ட் 2000 வரை: கேள்வி பதில்

ஸ்டாண்டர்ட் கார் கம்பெனியின் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே இரண்டு விஷயம். யாருக்கும் விலை சொல்ல மாட்டேன். பழைய வண்டி எதைப் பார்க்கப் போனாலும் பெயிண்ட்டின் பளபளப்பில் மயங்காமல், ஆர்.சி. புக்கில் இருக்கும் சேசிஸ் (அடிச்சட்டம்) நம்பர் வண்டியிலும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

செல்வம், ஈரோடு: ஸ்டாண்டர்ட் வெள்ளைக்காரன் கம்பெனியா, நம்ம மெட்ராஸ் கம்பெனியா சார்?

இரண்டும்தான். ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் 1903-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொடங்கியது தாய்க் கம்பெனி. 1944 கடைசியில் அது நொடித்துப்போன ட்ரையம்ஃப் கார் கம்பெனியை வாங்கியது. 1948-ல் மெட்ராஸ் யூனியன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பிறந்தது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். வேன்கார்டு, எய்ட், டென் என்ற கார்கள் எல்லாம் இங்கிருந்து வெளியே வந்தன.

வேடிக்கை பிறகுதான். 1961-ல் லாரி, பஸ் செய்யும் லேலண்ட் தாய்க் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1963-ல் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே அங்கே கைவிட்டார்கள். வாங்கப்பட்ட ட்ரையம்ஃபின் பெயர் நின்றது, வாங்கியவன் பெயர் போயிற்று. இங்கே நேர் தலைகீழ்: அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று விற்ற காரை நாம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று ஓட்டினோம். பிறந்த ஊரில் மறைந்த பெயர் மெட்ராஸில் மேலும் 25 வருஷம் ஓடியது.

பெயர் வேண்டாம், மதுரை: தாத்தாவோட ஹெரால்டு ஷெட்டில் நிக்குது. என்ன விலை போகும்?

மேலே சொல்லியாயிற்று.

கார்த்திகேயன், கோவை: ஹெரால்டில் பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்கிறதே, ஏன் அப்படிச் செய்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. பலர் அதை அழகுக்காகச் செய்தது என்று நினைக்கிறார்கள். அழகு இத்தாலியின் டுரினில் இருந்த ஜியோவன்னி மிக்கெலாட்டி கைவண்ணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அமைப்புக்குக் காரணம் வியாபார நெருக்கடி.

1950-களில் சிறிய கார்களைத் தனிச் சேசிஸ் இல்லாமல், பாடியே சேசிஸாக இருக்கும்படி ஒரே கூடாகச் செய்யும் முறை வந்துவிட்டது. அதற்குப் பெரிய பெரிய பிரஸ்கள் வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு பாடி தர ஆள் இல்லை. அதனால் ஒரு படி பின்னால் போனார்கள்: தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக பாடி. ஆளுக்கொரு துண்டை வெவ்வேறு பட்டறையில் செய்து வாங்கி, போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். 1959-ல் இப்படித்தான் ஹெரால்டு வந்தது. முன்பக்கமே முழுதாகத் திறப்பதால் இன்ஜினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம், டயர்மேல் உட்கார்ந்துகொண்டே டியூன் பண்ணலாம். வண்டி திரும்ப 25 அடி வட்டம் போதும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றுக்கே அது கைகூடாது.

அங்கே கட்டாயத்தில் செய்தது நம்மைப் போன்ற நாட்டுக்கு வரமாக அமைந்தது. துண்டுகளாகப் பெட்டியில் வந்ததைக் கோர்ப்பதும் சுலபம், துண்டு துண்டாக உள்ளூரில் செய்யப் பழகுவதும் சுலபம். நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. அது முழுக்க நம் ஆட்கள் செய்தது. ஒரே குறை, அங்கே 1961-லேயே 1147 சி.சி.க்குப் போய்விட்டார்கள், நாம் 948-ஐ விடவே இல்லை.

ராஜலட்சுமி, திருச்சி: வளைவில் ஹெரால்டு கவிழ்ந்துவிடும் என்று என் சித்தப்பா பயமுறுத்துவார். உண்மையா?

சித்தப்பா காற்றில் சொல்லவில்லையம்மா. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. குறுக்கே ஒற்றை லீஃப் ஸ்பிரிங். வேகமாக வளைவுக்குள் போய் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் மேலெழும்பி சக்கரம் உள்ளே மடங்கும். பிடிப்பு அப்படியே போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் காலை அசைக்காமல் ஓட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டின் கெஸல் காரில் இதை எடுத்துவிட்டு நேரான ஆக்ஸில் போட்டார்கள்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆக்ஸிலைவிட பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் சேசிஸின் ஓரக் கைகளைக் குனிந்து பாருங்கள். துரு அங்கேதான். குனிந்ததும் நம்பரையும் பார்த்துவிடுங்கள்.

அருண், சேலம்: அம்பாசிடரின் முதல் மாடல் பற்றி விரிவாகச் சொல்லவும்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை செய்தார்கள். விரிவுக்கு அம்பாசிடர்காரர்களிடம் போங்கள், ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

முருகானந்தம், தஞ்சாவூர்: டிராக்டர் இன்ஜினைக் காரில் மாட்டி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஊரை ஏமாற்றினார்களே, அதைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

பேசுகிறேன். அதற்குள் ஒருவர் பதில் எழுதிவிட்டார், அதையும் போடுகிறேன்.

ஜோசப், நாகர்கோவில்: தஞ்சாவூர் அண்ணாச்சி சொல்வது தப்பு. கார் இன்ஜினைத்தான் டிராக்டரில் போட்டார்கள்.

முருகானந்தம்: எங்கள் வயலில் ஃபெர்குசன் டிராக்டர் ஓடியது தம்பி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

சத்தத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். போர்க்காலத்தில் விமான இன்ஜின் செய்த கவென்ட்ரி பேனர் லேன் தொழிற்சாலை, போர் முடிந்ததும் காலியாக நின்றது. ஸ்டாண்டர்டை நடத்திய சர் ஜான் பிளாக், ஹாரி ஃபெர்குசனோடு பேசி, 1946-ல் அங்கே டிராக்டர் செய்ய ஆரம்பித்தார். தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கான்டினென்டல் இன்ஜின். 1947-ல் ஸ்டாண்டர்டின் சொந்த இன்ஜின் டிராக்டரில் ஏறியது. வேன்கார்டு கார் மக்கள் கைக்கு வந்தது 1948-ல். ஆக, காருக்கென்று வரைந்த இன்ஜின் ரோட்டுக்கு வரும் முன் வயலில் இறங்கிவிட்டது. ஜோசப் சொல்வது வரைந்த கணக்கில் சரி, அண்ணாச்சி சொல்வது வெளியே வந்த கணக்கில் சரி.

அதில் பிஸ்டன் ஓடும் குழாய்களான சிலிண்டர் லைனர்கள் தண்ணீரைத் தொட்டபடி தனியாக உட்காரும் வகை. லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் சி.சி. மாறிவிடும். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் 92 மி.மீ.தான். உள்விட்டம் 80 மி.மீ. உள்ள லைனர் போட்டால் 1850 சி.சி., முதல் டிராக்டர்களில் அது. 85 போட்டால் 2088, வேன்கார்டு. 83 போட்டால் 1991, ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் கார். அந்த டி.ஆர்.2 1953-ல் பெல்ஜியத்தின் யாபெக் சாலையில் மணிக்கு 124 மைலைத் தாண்டியது. டிராக்டர் இன்ஜின் என்று சிரிப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முருகானந்தம்: அப்படியென்றால் 2000 நல்ல வண்டி என்கிறீர்களா?

இல்லை. 1976-ல் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு வந்த ரோவர் எஸ்.டி.1-இன் பாடி அது. அவ்வளவு கனமான கூட்டுக்குள் இதே 1940-களின் நாலு சிலிண்டர் இன்ஜினை 1985-ல் வைத்தார்கள். இன்ஜின் டிராக்டரில் ஓடியது குற்றமில்லை. நாற்பது வருஷம் பழையது என்பதுதான் குற்றம்.

ஜோசப்: அதனால்தானே கம்பெனி மூடியது?

அதனால் மட்டுமில்லை. அப்போது அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தானும் அதே வித்தையைத்தான் செய்தது. ஹிந்துஸ்தானின் கான்டெஸா, வாக்ஸ்ஹால் பாடியில் அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின். அதுவும் திணறியது, பிறகு இசுசூ இன்ஜின் வந்ததும் பிழைத்துக்கொண்டது. திணறிய வருஷங்களில் ஹிந்துஸ்தானுக்குச் சோறு போட்டது அம்பாசிடர், இன்னொரு கார் கம்பெனியான பிரீமியருக்கு பத்மினி. டாக்ஸிக்காரரும் அரசாங்கமும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டாண்டர்டுக்கு அப்படி ஒன்று இல்லை. கெஸலை 1977-ல் நிறுத்திய பிறகு கையில் இருந்தது வேன்தான். எட்டு வருஷம் காரே இல்லாத ஒரு கம்பெனி, திரும்பி வரும்போது பணக்காரருக்கு ஒரு காரோடு வந்தது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து எல்லோர் ஆசையையும் வேறு பக்கம் இழுத்துவிட்டது. 1988-ல் உற்பத்தி நின்றது. டிராக்டர் விவகாரம் இத்தோடு முடிந்தது. இனி வரும் கடிதங்களைப் போட மாட்டேன்.

பிரபு, வேலூர்: 1970 கெஸல் ஒன்று வருகிறது, என்ன ரேட்டுக்கு முடிக்கலாம்?

விலை கேட்டதால் பதில் இல்லை. 1970-ல் கெஸலே கிடையாது என்பதால் ஒரு வரி: ஆர்.சி. புக்கைப் பாருங்கள், நம்பரைப் பாருங்கள், பிறகு அந்தத் தரகரையும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.

ஷாகுல், காயல்பட்டினம்: 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாமா?

செய்யலாம். 2021-ல் மத்திய அரசு விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. அந்தப் பதிவில் தினசரி ஆபீஸ் போய்வர முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும். ஹெரால்டில் மாருதி இன்ஜின் மாட்டி வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

திலகவதி, சென்னை: ஹெரால்டு, கெஸல் தவிர மெட்ராஸில் வேறு கார் செய்தார்களா?

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கோர்த்தது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, லாரி பஸ் பக்கம் போய்விட்டது.

விக்னேஷ், ஓசூர்: அண்ணா, என்னிடம் 2000 இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் மாற்றியும் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. லைனர் எங்கே கிடைக்கும்?

லைனரை விடுங்கள், முதலில் அதன் அடியில் கசிவைத் தடுக்க இருக்கும் '8' வடிவ கேஸ்கெட்டைப் பாருங்கள். ஹெட் கழற்றிய நிலையில் யாராவது கிராங்கைச் சுற்றியிருந்தால் லைனர் மேலே நகர்ந்து, அந்த கேஸ்கெட் போயிருக்கும். மேலே எத்தனை புதுசு போட்டாலும் தண்ணீர் கீழே இறங்கும். லைனர்களை எடுத்துச் சுத்தம் செய்து, அடி கேஸ்கெட் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு லைனரும் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேஜ் வைத்து அளந்த பிறகே ஹெட்டை முடுக்கச் சொல்லுங்கள். லைனரே தேய்ந்திருந்தால் டி.ஆர். கார்களுக்கு இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். பழையதைக் கழற்றி அளவெடுத்து ஒப்பிட்ட பிறகு பணம் அனுப்புங்கள்.