குடியை முழுதாக விட்ட பிறகுதான் மனச்சோர்வுக்குச் சிகிச்சையா?

தேவையில்லை. “முதலில் குடியை விட்டுவிட்டு வா” என்று திருப்பி அனுப்பப்படும் பலர் இரண்டு சிகிச்சையிலிருந்தும் நழுவிப்போகிறார்கள். ஒரே குழு, ஒரே கோப்பு, ஒரே திட்டம் என்பதுதான் சரி. குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் (10 கேள்விகள்), மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 ஆகிய கேள்வித்தாள்கள் இரண்டையும் முதல் நாளே கேட்டுவிடலாம்.

குடியால் வந்த சோர்வு, நிறுத்திய 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டாலோ, குடிக்கு முன்பே இருந்திருந்தாலோ தனி நோயாகக் கருத வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் இந்தக் காத்திருப்பே கூடாது.

தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவக் கண்காணிப்பின்றிச் சட்டென நிறுத்தக் கூடாது: முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாட்களில் நடுக்கத்தோடு கடும் மனக்குழப்பமும்.

பிரித்துச் சிகிச்சை தரும்போது சறுக்குவது மருந்துச் சீட்டில்தான். ஒரு மருத்துவர் எழுதிய தூக்க மாத்திரை மற்றவருக்குத் தெரியாது. அது மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.