ஒலிம்பஸ் மோன்ஸ் எவ்வளவு உயரம்? கோள்களின் எரிமலைகள் பற்றிக் கேள்வி பதில்

பெரம்பூர் மாணவி: செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் 22 கி.மீ. என்கிறது ஒரு புத்தகம், 26 என்கிறது இன்னொன்று. எது சரி சார்?

இரண்டும் சரிதான் அம்மா. செவ்வாயில் கடல் இல்லை, அதனால் கடல்மட்டமும் கிடையாது. கோள் முழுவதற்கும் கணக்கிட்ட சராசரி மட்டத்திலிருந்து அளந்தால் ஏறக்குறைய 22. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து அளந்தால் 26 வரை போகும். பூமியிலும் இதே கதைதான். ஹவாயின் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். கடலடித் தரையிலிருந்து பார்த்தால் சுமார் 9 கி.மீ. யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எங்கிருந்து அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

தாம்பரம் வாசகர்: அகலத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்ல முடியுமா?

மௌனா லோவாவின் ஒரு ஓரத்தைச் சென்னையில் வைத்தால் மறு ஓரம் வேலூரில் இருக்கும், ஏறக்குறைய 120 கி.மீ. ஒலிம்பஸ் மோன்ஸ் சுமார் 600 கி.மீ., நேர்கோட்டில் கன்னியாகுமரியை நெருங்கிவிடும்! உச்சியில் உள்ள பள்ளமே காஞ்சிபுரத்தைத் தாண்டும். ஆனால் சரிவு சராசரியாக 5 பாகைதான். பரங்கிமலைப் படிக்கட்டு இதைவிடச் செங்குத்து. அதன் மேல் நடப்பவருக்கு மலையில் நடக்கிறோம் என்றே தோன்றாது.

வடபழனி ஆசிரியர்: சின்னக் கோளில் இவ்வளவு பெரிய மலை எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹவாய்க்கு அடியில் எரிமலைக் குழம்பு மேலேறும் இடம் ஏறக்குறைய நிலையாக இருக்க, மேலே உள்ள புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. ஒரு மலை வளர்ந்து முடிவதற்குள் ஊற்றை விட்டு விலகிவிடுகிறது, அப்புறம் அடுத்த தீவு முளைக்கிறது. அதனால்தான் அங்கே தீவுகள் வரிசையாக நிற்கின்றன. செவ்வாயில் அப்படி நகரும் தட்டுகள் இல்லை. குழம்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் கொட்டிக் குவிந்தது. அங்கே ஈர்ப்பு விசையும் பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான். மலை தன் எடையாலேயே அமிழ்வது குறைவு.

அதே ஆசிரியர்: வெள்ளியிலும் வியாழனிலும்?

வெள்ளியில் மாட் மோன்ஸ் சுமார் 8 கி.மீ. மெகல்லன் விண்கலம் 1991இல் எடுத்த ரேடார் படங்களில் அங்கே ஒரு எரிமலை வாய் உருமாறியிருந்ததை 2023இல் கண்டறிந்தார்கள். வியாழனில் நிற்கத் தரையே இல்லை. அதன் நிலவு அயோவில் லோகி பட்டேரா இருக்கிறது. அது மலை அல்ல, சுமார் 200 கி.மீ. அகலமான எரிமலைப் பள்ளம்.

ராயபுரம் வாசகி: நம் நாட்டில்?

அந்தமானின் பாரன் தீவு. கடலுக்கு மேல் தெரிவது 354 மீட்டர்தான். மலையின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்.