தளம் போடும் முன்பே புகைக்கு வழி விடுங்கள்

கேள்வி: வட்டவடையில் புது வீடு கட்டுகிறோம். சுவர் எழும்பிவிட்டது, அடுத்த மாதம் கான்கிரீட் தளம் போட வேண்டும். மார்கழிக் குளிருக்கு முன்னறையில் இரும்பு விறகடுப்பு வைக்க ஆசை. இப்போது பணமில்லை, இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போது தளத்தை உடைத்துக் குழாய் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
— வாசகி, வட்டவடை

பதில்: வேண்டாம், சகோதரி. மூணாறுப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி உடைத்தபோது நான் மேற்பார்வையில் இருந்தேன். உளி இறங்கிய இடத்தில் இரண்டு கம்பிகள் குறுக்கே நின்றன, இரண்டையும் அறுத்தார்கள். அந்த ஆடி மழையிலேயே குழாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கறை கொஞ்சம் பெரிதானது. நான் தடுத்திருக்க வேண்டும்.

அடுப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஓரடிச் சதுரத் துளையை மட்டும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போதே விட்டுவிடுங்கள். 6 அங்குலக் குழாய்க்கு வெப்பம் தாங்கும் பஞ்சு வைத்த மேலுறையும் சேர்த்தால் சுமார் 8 அங்குலம் வரும்; சுற்றிலும் 2 அங்குல இடைவெளி வேண்டும். துளையில் விடுபடும் கம்பிக்கு ஈடாக இரு பக்கமும் கம்பி கட்ட வேண்டும், மூலைகளில் சாய்வாகவும் போட வேண்டும். இதை உங்கள் பொறியாளர் வரைந்து தரட்டும். துளையைச் சுற்றி அரையடி உயர விளிம்பைத் தளத்தோடு சேர்த்தே வார்த்துவிடுங்கள். அடுப்பு வரும்வரை மேலே தகரமூடி போதும்.

இடம் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். துளையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பாருங்கள். குண்டு தொடும் இடத்தில்தான் அடுப்பின் குழாய்வாய் வர வேண்டும். வளைவு கூடக்கூடப் புகை தயங்கும். கீழே பீம் இருக்கக் கூடாது. மேலே மாடிப்படி அறையோ தண்ணீர்த் தொட்டியோ 10 அடிக்குள் இருந்தால், குழாய் அதைவிட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். எதுவுமே இல்லாவிட்டாலும் தளத்துக்கு மேல் 3 அடி வேண்டும். குழாயை வெளிச்சுவரை ஒட்டிக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் வெளியே நிற்கும் குழாய் சூடேறாது. புகை உள்ளேயே படிந்து தாராகிவிடும், அந்தத் தாரில் தீப்பிடிக்கும்.

அடுப்புக்குப் பின்சுவரில் சுவிட்ச் பெட்டியோ வயர்க் குழாயோ வேண்டாம். மரப்பலகை அடிப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து 3 அடி தள்ளியே அடியுங்கள். தரையில் கடப்பாக் கல் பதித்து, அடுப்பு வாய்க்கு முன்னால் ஒன்றரை அடி நீட்டி விடுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தரையை ஒட்டிச் சுவரில் 4 அங்குலக் குழாய் ஒன்று பதித்து, வெளிவாயில் எலி நுழையாத வலை கட்டுங்கள். குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியபின் அடுப்புக்குக் காற்று வர வேறு வழியில்லை. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்து உறங்கியவர்கள் விடிந்தும் எழாமல் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். காற்று போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுதான் காரணம்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறையில் அடுப்பு வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

விறகு உங்களுக்குக் கஷ்டமில்லை, சுற்றிலும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம்தான். ஆனால் வெட்டியவுடன் எரிக்கக் கூடாது. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஓராண்டு காயட்டும். பின்பக்கம் அதற்கொரு சாய்ப்பும் இப்போதே இறக்கிவிடுங்கள்.

கான்கிரீட் போடும் அன்று நீங்களே நேரில் நில்லுங்கள். துளை எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.