குழாயடிக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வார்டுக் கூட்டத்தில் 'குடிநீர்ச் சேவை 95 சதவீதம்' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். எங்கள் அடுக்ககத்திலோ கோடை முழுக்க லாரித் தண்ணீர்தான். அந்தச் சதவீதத்தை நம்பலாமா? நலச்சங்கமே அளந்து எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வழி உண்டா?
- வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: எதில் 95 என்று கேட்டீர்களா? மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் உள்ளாட்சிகளுக்கு 28 அளவுகோல்களை வகுத்தது. குடிநீருக்கு மட்டும் 9. எல்லா வீட்டுக்கும் இணைப்பு என்பது அதில் ஒன்று. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வேறொன்று. பலகையில் ஏறுவது பெரும்பாலும் முதலில் சொன்ன இணைப்புக் கணக்குதான். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் தரைதட்டி, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது ஒரு வீட்டு இணைப்பும் அறுந்துபோகவில்லை. இணைப்புச் சதவீதம் அப்படியேதான் இருந்திருக்கும்!

சரி, நீங்களே அளக்கலாம். சம்பின் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) நீள அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்றால், நீர் 1 சென்டிமீட்டர் ஏறினால் 30 லிட்டர். தண்ணீர் விடும் நேரத்தில் மோட்டாரை நிறுத்துங்கள், போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் சம்பில் விழக்கூடாது. கோடு போட்ட குச்சியை விட்டு முன்னும் பின்னும் பாருங்கள். 120 சென்டிமீட்டர் ஏறினால் 3,600 லிட்டர். கட்டடத்தில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 90. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்றால் அது 45 ஆகிவிடும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் மீட்டர் இருக்கும் கட்டடத்தில் இந்தக் குச்சி வேலையே வேண்டாம்.

மீதித் தேவைக்கு போரும் லாரியும். இந்தச் சேவை பத்து வருஷம் தாங்குமா என்பதற்கான பதில் நிலத்தடி நீரில்தான் இருக்கிறது. தெருவில் பழைய கிணறு ஏதாவது மிஞ்சியிருந்தால் கயிற்றில் கல் கட்டி மாதம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். மே மாதத்தை முந்தைய மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நவம்பரில் பார்த்துவிட்டு மழைநீர் சேகரிப்பு பிரமாதம் என்று மார்தட்டக் கூடாது.

சொல்லும் விதத்துக்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு: ஏரி மட்டம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை ஐந்துக்கும் சேர்த்து மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. இன்று எவ்வளவு, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்று தினமும் வெளியிடுகிறார்கள். எந்த டீக்கடையிலும் 'செம்பரம்பாக்கம் எவ்வளவு?' என்று பேசுகிறார்கள் பாருங்கள். கொள்ளளவு, இன்று, போன வருஷம் என்று மூன்று எண் போதும். உங்கள் நோட்டீஸ் போர்டிலும் மூன்றே எண் எழுதுங்கள்: ஆளுக்கு எத்தனை லிட்டர், மாத லாரிச் செலவு, கிணற்று மட்டம். பக்கத்திலேயே போன வருஷத்துக் கணக்கு. வண்ண வண்ண வரைபடம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அளவு குறைந்த மாதத்திலும் எழுதுங்கள், அப்போதுதான் நம்புவார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் இத்தனை டன் குப்பை அள்ளினோம் என்று அறிவிக்கிறார்கள். இது சாதனைதானே?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: டன் கூடினால் குப்பை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்! எவ்வளவு பிரித்து வந்தது, எவ்வளவு குப்பைமேட்டுக்குப் போனது என்று கேளுங்கள். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடே இருக்கிறது. ஒரு காலையில் பேட்டரி வண்டி பக்கத்தில் நின்று, எத்தனை வீட்டார் மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தூய்மைப் பணியாளரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தன்னை வேவு பார்ப்பதாக நினைத்துவிடுவார். அந்த எண்ணிக்கையை வார்டுக் கூட்டத்தில் சொல்லி, மேட்டுக்குப் போகும் டன் கணக்கைக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.