முத்திரை ஒரு நாளுக்கா, ஊருக்கா?

கேள்வி: எங்களுடையது கடலோரச் சிறு நகரம். பழைய கோட்டை, கலங்கரை விளக்கம், நூறாண்டு கடந்த அஞ்சலகக் கட்டடம் எல்லாம் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள்தான் குறைவு. ஊர் வரலாற்றுக் குழு சார்பில் சிறப்பு அஞ்சல் உறையும் முத்திரையும் வெளியிட நினைக்கிறோம். இதனால் சுற்றுலாவுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பயன் உண்டு. ஆனால் எந்த முத்திரையைக் கேட்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிறப்பு உறை என்பது ஒரு நிகழ்ச்சியையோ இடத்தையோ நினைவுகூர அச்சிடும் அஞ்சல் உறை. அதோடு வருகிற முத்திரை, அதாவது அஞ்சல் தலையின் மேல் அஞ்சலகம் குத்துகிற அச்சு, அந்த ஒரு நாளுக்கானது. அன்று மாலையோடு அதன் வேலை முடிந்துவிடும். நிரந்தர சித்திர முத்திரை வேறு. ஆங்கிலத்தில் Permanent Pictorial Cancellation; சேகரிப்பாளர்கள் சுருக்கமாக PPC என்பார்கள். அது உங்கள் ஊர் அஞ்சலகத்திலேயே இருக்கும். எந்த வேலை நாளில் யார் போய்க் கேட்டாலும் அஞ்சல் தலை ஒட்டிய உறையில் குத்தித் தருவார்கள். மாமல்லபுரம், தஞ்சாவூர், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் இது இருக்கிறது.

பெரும்பாலான குழுக்கள் முதல் வகையை மட்டும் கேட்டு வாங்கி, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. நான் போன ஒரு விழாவில் நண்பகலுக்குள் உறைகள் எல்லாம் விருந்தினர் கைக்குப் போய்விட்டன. செய்தித்தாள் பார்த்து மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க ஓர் உறைகூட மிச்சமில்லை. எந்த ஊர் என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஒரு நாள் முத்திரை வீண் என்று சொல்லவில்லை. அலகாபாத்தில் நடந்த கண்காட்சிக்கு விளம்பரமாக, 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை யமுனையைத் தாண்டி நைனிக்குக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுதான். அதற்கென்றே செய்த முத்திரை விழுந்த உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். நாள், நிகழ்ச்சி, முத்திரை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்ததால் அது நின்றது. ஆனால் அது சேகரிப்பாளரை மகிழ்விக்கும். பயணியை ஊருக்கு வரவழைக்காது.

பயணியை வரவழைப்பது எது என்று பார்க்க ஹிக்கிமைப் பாருங்கள். இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன அஞ்சலகம். அங்கிருந்து வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போடுவதற்காகவே மலையேறி வருகிறார்கள். ஸ்ரீநகர் தால் ஏரியில் 2011இல் தொடங்கிய மிதக்கும் அஞ்சலகத்தின் முத்திரையில் ஷிகாரா படகும் படகோட்டியும் இருக்கிறார்கள். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றே: அந்த இடத்துக்குப் போனால்தான் அது கிடைக்கும். ஆகவே இரண்டையும் கேளுங்கள். வெளியீட்டு நாளுக்குச் சிறப்பு உறை, அப்புறம் என்றென்றைக்கும் சித்திர முத்திரை.

அடுத்தது, எதைப் படமாக வைப்பது? குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்து யோசனை வரும். எல்லாவற்றையும் முத்திரையில் ஏற்றப் பார்ப்பார்கள். இடம் சில சென்டிமீட்டர்தான். மையில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிகிற ஒரே உருவம் போதும். ஒரு பேச்சுக்குத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் அனுமதி பெற்று 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை, 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவப் போதகர் சீகன்பால்கு, அவருடைய அச்சுக்கூடம், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட கதை என்று எவ்வளவோ இருக்கின்றன. நானாக இருந்தால் முத்திரையில் கோட்டையின் முகப்பை மட்டும் வைப்பேன். மற்ற கதையெல்லாம் உறைக்குள் வைக்கும் குறிப்பட்டைக்குப் போகும்.

அந்தக் குறிப்பட்டையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'இந்தியாவின் முதல்', 'உலகிலேயே பழமையான' என்று எழுதக் கை துறுதுறுக்கும். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தை இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் என்று எழுதினால் அது தவறு. கோவாவில் 1556லேயே அச்சு வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழிலேயே அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை 1715இல் அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு. அதைச் சரியாகச் சொன்னாலே போதும். அச்சடித்த உறையைத் திருப்பி வாங்க முடியாது. எழுதியதை வரலாறு தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

சரி, அலுவலக வேலை. உங்கள் பகுதித் தலைமை அஞ்சலகத்திலோ அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ முதலில் நேரில் பேசுங்கள். பிறகு குழுவின் கடிதத்தாளில் விண்ணப்பம்: காரணம், வரலாற்று ஆதாரம், படத்தின் வரைவு, கேட்கும் நாள். அனுமதி தருவது மாநில அளவிலான அஞ்சல் வட்ட அலுவலகம். கட்டணம், குறைந்தது எத்தனை உறை என்பதெல்லாம் மாறக்கூடியவை. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி. ஊர்ப் பெயர் தமிழிலும் இருக்கும்படி வரைவிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு சேர்ப்பது சிரமம்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வரலாற்று நாள் மழையிலோ கத்திரி வெயிலிலோ வந்து விழும். சிறப்பு உறை அந்த நாளில்தான் வரவேண்டும், அதை மாற்றாதீர்கள். சித்திர முத்திரையை வேண்டுமானால் சுற்றுலாப் பயணிகள் வரும் பருவத்தில் தொடங்கி வையுங்கள்.

வெளியீடு முடிந்த பிறகுதான் உண்மையான வேலை. கோட்டை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் 'இங்கே அஞ்சலிட்டால் இந்த முத்திரை' என்று அஞ்சலகத்துக்கு வழிகாட்டும் பலகை வையுங்கள். விடுதிகளில் படம் போட்ட அட்டைகள் கிடைக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொன்னால், வெளி மாவட்டத்தில் இருக்கும் உறவினருக்கு எழுதச் சொல்லுங்கள். உள்ளூருக்குள்ளேயே சுற்றும் கடிதத்தால் யாரும் புதிதாக வரப்போவதில்லை. அஞ்சலக ஊழியர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். முத்திரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது பணி மாறி வந்த புது ஊழியருக்குத் தெரியாமல் போனால் எல்லாம் பாழ்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பளபளக்கும் அட்டையில் மை காயாமல் இழுபடும். மங்கலான மேற்பரப்புள்ள தாள் வாங்குங்கள். கருமையான அஞ்சல் தலையின் மேல் முத்திரை தெரியாது. வெளிர் நிறத் தலையாகத் தேர்ந்தெடுங்கள். முத்திரை பாதி தலையிலும் பாதி உறையிலும் விழ இடம் விட்டு அச்சடியுங்கள். கடைசியாக, வெளியீட்டுக்கு முன் பத்துச் சோதனை உறைகளைச் சாதாரண முத்திரை போட்டு, தொலைவில் உள்ள நண்பர்களுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போய்ச் சேரும் அலுவலகத்தின் முத்திரை உங்கள் கோட்டைப் படத்தின் மேலேயே விழுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.