ஆய்வு செய்யும் புற்றுநோய் வைத்தியருக்குச் சம்பளம் இருக்கிறதே, தனி நிதி எதற்கு?

சம்பளம் நோயாளரைப் பார்ப்பதற்கு. ஆய்வுக்கு வேண்டியது நேரம். இலங்கையின் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் ஒரு கிளினிக் நாளில் நின்று பாருங்கள்: ஸ்கேன் உறையை மடியில் வைத்தபடி வாங்கு நிறைய ஆட்கள். அவர்களை விட்டுவிட்டு எந்த வைத்தியர் ஆய்வுகூடத்துக்குப் போவார்? ஆனால் ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு, அடுத்தவருக்கு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அவருக்குத்தான் முதலில் வரும்.

ஆய்வு செய்ய விரும்பும் வைத்தியர்களுக்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (NIH) கொடுக்கும் கே08 (K08) என்ற நிதி இந்த நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கிறது. 3 முதல் 5 வருடம், ஒரு வழிகாட்டியோடு. பொதுவாக வேலை நேரத்தில் குறைந்தது 75 வீதம் ஆய்வுக்கு. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும்தான்.

சரி, நமக்கு? கருவி வாங்கக் காசு கொடுத்தால் மட்டும் போதாது. வைத்தியர் ஆய்வுக்குப் போகும் நாட்களில் அவருடைய வாட்டைப் பார்க்கும் இன்னொரு வைத்தியரின் சம்பளமும் ஆய்வு நிதியில் இருக்க வேண்டும்.