ஏப்ரலில் ருவாண்டா, மகளுடன்

வணக்கம். ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியில் ருவாண்டா செல்வதாகவும், 12 வயது மகளை நினைவிடங்களுக்கு அழைத்துச் செல்லலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முடிந்தால் முதலில் தேதியை மாற்றுங்கள். 1994-இல் டுட்சி இன மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டதை நினைவுகூரும் துக்க வாரம் ஏப்ரல் 7 அன்று தொடங்குவதால், அந்நாட்களில் கேளிக்கைகள் நிறுத்தப்பட்டிருக்கும். நாடே இழவு வீடாக இருக்கும்போது சுற்றுலாப் பயணியாக நடமாடுவது இரு தரப்பிற்கும் சங்கடம். ஜூன் மாதத்தில் மழையும் குறைந்திருக்கும்.

தலைநகர் கிகாலியின் கிசோசி நினைவிடத்தில் 2,50,000-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதன் தோட்டங்களை மகளுக்குத் தயங்காமல் காட்டலாம். ஆனால் கொல்லப்பட்ட குழந்தைகளின் படங்களோடு, அவர்களுக்குப் பிடித்த உணவும் விளையாட்டும் அவர்கள் இறந்த விதமும் எழுதப்பட்டுள்ள அறையை நீங்கள் மட்டும் முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்றொரு நினைவிடமான நியமாட்டா தேவாலயத்தில் மாண்டோரின் உடைகளும் எலும்புகளும் வைக்கப்பட்டிருப்பதால், அங்கே அவளை அழைத்துச் செல்லவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எவரிடமும் அவர் எந்த இனத்தவர் என்று கேட்காதீர்கள். உயிர் தப்பியவரும் கொன்றவரின் பிள்ளையும் ஒரே தெருவில் வாழும் நாடு அது.

காட்டில் வாழும் கொரில்லாக்களைக் காண 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் அந்தச் செலவு உங்களுக்கு இல்லை. அந்த நாட்களைக் கிவு ஏரிக்கரையில் உள்ள கரோங்கிக்கும், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நியூங்வே மழைக்காட்டிற்கும் ஒதுக்குங்கள். மர உச்சிகளுக்கிடையே செல்லும் அங்குள்ள தொங்குபாலம் உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.